டெக்சஸ் பண்ணையில் ராத்திரி காட்டுப்பன்றி வேட்டை: சிங்கப்பூரிலிருந்து போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

தோபாயோ_குமரன் கேட்கிறார்:

வணக்கம். மார்ச் கடைசியில் நானும் ஒரு நண்பரும் டெக்சஸ் போகிறோம். அங்கே இருக்கும் கல்லூரித் தோழனின் மாமனாருக்கு மக்காச்சோள நிலம் இருக்கிறது, ஒட்டியே மேய்ச்சல் நிலமும் மாடுகளும். விதைத்த கையோடு காட்டுப்பன்றிகள் இறங்கி, சால் பிடித்து மூக்கால் கிளறிக்கொண்டே போய் விதையை மொத்தமாகத் தின்றுவிடுகின்றனவாம். ராத்திரியில் உடல் சூட்டைப் படமாகக் காட்டும் தெர்மல் ஸ்கோப்போடு காவல் இருக்கிறார்கள், நீங்களும் வாருங்கள் என்கிறான்.

நான் சிங்கப்பூர்க் குடிமகன். கூட வருபவர் இந்தியக் குடிமகன், இங்கே நிரந்தரவாசி, பி1/பி2 (வருகையாளர்) விசா வைத்திருக்கிறார். தேசிய சேவையில் எஸ்ஏஆர்-21 சுட்டதோடு சரி, வேட்டை எனக்குப் புதிது. அவர் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. சட்டப்படி நாங்கள் சுடலாமா? தெர்மலில் எதைப் பார்த்துப் பன்றி என்று முடிவு செய்வது? இரண்டு பேர் இருட்டில் பக்கத்தில் பக்கத்தில் நின்று சுடும்போது என்ன ஒழுங்கு? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாத்தோக்_அண்ணாச்சி:

தம்பி, முதலில் விசாவைப் பாருங்கள். உங்கள் இருவருக்கும் சட்டம் ஒன்றல்ல.

குடியேறாதோர் விசாவில் அமெரிக்காவுக்குள் வந்தவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ கையில் வைத்திருப்பதே அந்நாட்டு மத்திய அரசின் சட்டப்படி குற்றம். நண்பருடைய துப்பாக்கி, பத்து நிமிடம்தான் வாங்கிப் பிடித்தேன் என்பதெல்லாம் எடுபடாது. ஆனால் அதே சட்டத்தில் விதிவிலக்கும் உண்டு: அமெரிக்காவில் ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருந்தால் தடை இல்லை. நீங்கள் சிங்கப்பூர்க் கடப்பிதழில், விசா இல்லாமல் எஸ்டா அனுமதியில் போவதாக இருந்தால் அந்தத் தடை உங்களைக் கட்டாது. உங்கள் நண்பரை அப்படியே கட்டும்.

இதில்தான் பலர் வழுக்குகிறார்கள். 2019 செப்டம்பர் 1 முதல் டெக்சஸில் தனியார் நிலத்தில், நிலக்காரர் அனுமதியோடு காட்டுப்பன்றி சுட வேட்டை உரிமமே தேவையில்லை. வெளிமாநிலத்தவருக்கும் அப்படித்தான். அதைப் படித்துவிட்டு உங்கள் நண்பரும் உரிமம் வாங்காமல் போனால், மாநிலச் சட்டப்படி சரி, மத்திய சட்டப்படி குற்றவாளி. அதனால் தேவையில்லை என்று யார் சொன்னாலும் அவர் உரிமத்தை வாங்கிவிட வேண்டும். வெளியூர்க்காரர்களுக்கென்று ஐந்து நாள் உரிமம் இருக்கிறது. இணையத்திலோ வேட்டைச் சாமான் கடையிலோ கிடைக்கும். நீங்களும் வாங்கிக்கொள்ளுங்கள், ராத்திரியில் யாராவது நிறுத்திக் கேட்டால் பேச்சு சீக்கிரம் முடியும்.

1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் உரிமத்தோடு வேட்டையாட, வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். இணையத்திலேயே முடிக்கலாம். பயிற்சியை ஒத்திவைக்கவும் வழி உண்டு, ஆனால் அப்போது பயிற்சி முடித்த, உரிமம் உள்ள ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். துப்பாக்கியைத் தொடாதவர் ஒத்திவைக்காமல் உட்கார்ந்து முடிப்பதுதான் நல்லது.

நிலக்காரர் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள், நிலத்தின் எல்லை தெரியும்படி வரைபடத்தோடு. குண்டு எல்லை தாண்டிப் பக்கத்து நிலத்துக்குப் போனால் அதுவும் தனிக் குற்றம். வேட்டைக்குக் கிளம்பும் முன் அந்தக் கவுன்டியின் ஷெரீஃப் அலுவலகத்துக்கும் வனவிலங்குக் காவலருக்கும் ஒரு போன் போட்டு, இந்த நிலத்தில் இத்தனை பேர், இந்த வண்டி என்று உங்கள் தோழன் சொல்லிவிடட்டும். நள்ளிரவில் வயலில் வெடிச்சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தார் புகார் கொடுத்தால், வருகிற காவலருக்கு நீங்கள் யார் என்று முன்பே தெரிந்திருக்கும்.

பயணக் காப்புறுதியில் வேட்டைக்கும் துப்பாக்கிக்கும் விலக்கு போட்டிருக்கிறார்களா என்று சின்ன எழுத்துகள் வரை படியுங்கள்.

கரிசல்காட்டான்:

அண்ணாச்சி சட்டத்தைச் சொல்லிவிட்டார். நான் தெர்மலைச் சொல்கிறேன். ராத்திரி வேட்டையில் நடக்கும் பெரிய தவறுகள் எல்லாம் கண்ணாடிக்குள் தெரிவதை நம்பிவிடுவதில்தான் ஆரம்பிக்கின்றன.

தெர்மல் காட்டுவது சூட்டை மட்டும். அதில் தூரம் தெரியாது. 40 மீட்டரில் நிற்கும் முயலும் 250 மீட்டரில் நிற்கும் பன்றியும் ஒரே அளவு வெள்ளைப் புள்ளியாகத் தெரியலாம். சூடான உருவம் ஒன்று இருக்கிறது என்பது ஒரு கிலோமீட்டரிலேயே தெரிந்துவிடும். அது என்ன என்பது தெரிய 150, 200 மீட்டருக்குள் வர வேண்டும், அதுவும் 640×512 புள்ளிகள் கொண்ட சென்சாராக இருந்தால். 384×288 என்றால் இன்னும் கிட்டத்தில். கையில் பிடிக்கும் தெர்மல் மோனோகுலர் ஒன்று தனியாக வேண்டும். துப்பாக்கியில் இருக்கும் ஸ்கோப்பை வைத்து வயலைத் தேடக் கூடாது, ஏனென்றால் ஸ்கோப் திரும்பும் பக்கமெல்லாம் குழலும் திரும்பும். தேடும்போது கண்ணில் பட்டது மனிதன் என்றால், அதற்குள் நீங்கள் அவன்மேல் துப்பாக்கியை நீட்டியாகிவிட்டது.

உருவ அடையாளம்: பன்றிக்குக் கழுத்து தெரியாது. உருளைக்கிழங்குக்குக் கால் முளைத்த மாதிரி இருக்கும், தோள் பக்கம் உயர்ந்து பின்பக்கம் சரிந்திருக்கும். தலை தரையோடு ஒட்டியே இருக்கும், மேயும்போது மூக்கை முன்னே தள்ளித் தள்ளி நகரும். வால் ஓயாமல் ஆடும். மான் என்றால் கால் நீளம், அடிக்கடி தலையைத் தூக்கிப் பார்க்கும். ராத்திரியில் மானைச் சுடுவது அங்கே சட்டவிரோதம். கன்றுக்குட்டிதான் ஆபத்தான குழப்பம்: படுத்திருக்கும் கன்று அப்படியே பன்றி போலத் தெரியும். படுத்திருப்பதை ஒருபோதும் சுட வேண்டாம், எழுந்து நாலு அடி நடக்கும்வரை பாருங்கள். மந்தைக்குக் காவல் நாய் இருக்கிறதா, கழுதை இருக்கிறதா, அன்றைக்கு மாடுகள் எந்தப் பட்டியில் என்று பொழுது சாய்வதற்குள் மாமனாரிடம் கேட்டுவிடுங்கள். இரண்டு பேரும் தனித்தனியே பார்த்து, இரண்டு பேரும் வாய்விட்டுப் பன்றி என்று சொன்ன பிறகே துப்பாக்கி முக்காலியில் ஏறட்டும்.

இன்னும் சில. சுற்றுப்புறச் சூட்டிலேயே இருக்கும் பொருள் தெர்மலில் மறைந்துவிடும். முள்கம்பி வேலி, நீர்ப்பாசனக் குழாய், காய்ந்த புல் மறைத்த பள்ளம் எதுவும் தெரியாது, ஆகவே பகலில் ஒருமுறை நடந்து பாருங்கள். பொழுது சாய்ந்து ஒரு மணி நேரம் வரை கல்லும் மரத்தூரும் பகல் சூட்டை வைத்துக்கொண்டு மினுங்கும். வண்டிக் கண்ணாடி வழியாகத் தெர்மலில் ஒன்றும் தெரியாது, இறக்கித்தான் பார்க்க வேண்டும். பனிமூட்டமும் மழையும் வந்தால் அடையாளம் காணும் தூரம் பாதிக்கும் கீழே போய்விடும். அந்த ராத்திரியை விட்டுவிடுங்கள்.

சென்சார் தன்னைத்தானே சரிசெய்யும்போது டிக் என்று சத்தம் வந்து படம் ஒரு கணம் உறையும். விசையை அழுத்தும் நேரத்தில் அது நடந்தால், நீங்கள் பார்ப்பது ஒரு கணம் பழைய படம். அதனால் சுடுவதற்குச் சற்று முன் கையாலேயே அந்தப் பொத்தானை அழுத்தி முடித்துவிடுவது வழக்கம். திரை வெளிச்சத்தைக் குறையுங்கள். ரப்பர் கண்குவளையில் கண் நன்றாகப் பதிந்திராவிட்டால் முகமே வெளிச்சத்தில் தெரியும்.

ஜீரோ பார்க்க, அதாவது ஸ்கோப்பின் குறியும் குண்டு படும் இடமும் ஒன்றாகும்படி சரிசெய்ய: அட்டையில் ஓர் அங்குலச் சதுரம் வெட்டி, பின்னால் கைகளுக்குச் சூடு தரும் வேதிப்பை ஒன்றை ஒட்டுங்கள். குறி பளிச்சென்று தெரியும். 100 மீட்டரில் மூன்று மூன்றாகச் சுட்டுச் சரிசெய்யலாம். விமானப் பயணக் களைப்போடு வேட்டை ராத்திரியிலேயே இதை வைத்துக்கொள்ளாமல், முந்தின நாள் பகலில் முடியுங்கள். பகல் வெயிலில் அட்டை சூடேறும், நிழலில் வையுங்கள்.

ரேஞ்ச்_சார்ஜன்ட்:

குமரன், தேசிய சேவைப் பழக்கம் பாதி உதவும், பாதி தடுக்கும். சுடுதளத்தில் எப்போது சுட வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருப்பார், பின்னால் மண்மேடு இருக்கும். வயலில் இரண்டும் இல்லை. எஸ்ஏஆர்-21-இல் தோட்டாப்பெட்டி கைப்பிடிக்குப் பின்னால், ஏஆர்-15 ரக அமெரிக்கத் துப்பாக்கியில் முன்னால். சார்ஜிங் கைப்பிடியும் பாதுகாப்பு விசையும் இருக்கும் இடமே வேறு. பகலில், காலித் துப்பாக்கியில், கண்ணை மூடிக்கொண்டு கை தானாகப் போகும்வரை பழகுங்கள். இருட்டில் தடவித் தேடக் கூடாத பொருள் அந்தப் பாதுகாப்பு விசை.

இரண்டு பேர் ஒழுங்கு இதுதான். முக்காலிகள் ஒரே கோட்டில், தோளுக்குத் தோள், கை நீட்டினால் தொடும் தூரத்தில். யாரும் அந்தக் கோட்டைத் தாண்டி அரை அடிகூட முன்னே போகக் கூடாது. இடது ஆள் கூட்டத்தின் இடது ஓரத்திலிருந்து, வலது ஆள் வலது ஓரத்திலிருந்து, இருவரும் நடுவை நோக்கி. நடுக்கோட்டைக் குறுக்கே கடந்து சுடுவது கிடையாது. குழல் திரும்பக்கூடிய கோணத்தைப் பகலிலேயே இரண்டு அடையாளங்களால் கட்டிவிடுங்கள், உதாரணமாக இடப்பக்கம் அந்தக் காற்றாடி, வலப்பக்கம் அந்தத் தனி மரம். அதற்கு வெளியே தங்க மலையே நின்றாலும் விட்டுவிட வேண்டும். மூன்று, இரண்டு, ஒன்று என்று ஒருவர் மெதுவாக எண்ண, ஒன்றில் இருவரும் சேர்ந்து சுடுங்கள். முதல் வெடிக்கே கூட்டம் சிதறிவிடும், தனித்தனியே சுட்டால் இரண்டாமவருக்கு ஓடும் பன்றிதான் மிஞ்சும்.

ஓடும் பன்றியைப் புதியவர்கள் சுட வேண்டாம். இதில் சமரசமே கிடையாது. ஸ்கோப்புக்குள் பன்றியைத் துரத்திக்கொண்டே திரும்பும்போது காற்றாடி எங்கே, மரம் எங்கே, பக்கத்து ஆள் எங்கே எல்லாம் மறந்துவிடும். தெர்மலின் பார்வை வட்டம் குறுகலானது, ஓரத்தில் இருப்பது தெரியாது.

குண்டு எங்கே போய் நிற்கும் என்பது அடுத்தது. .308 (வேட்டைத் தோட்டா அளவுகளில் ஒன்று) குண்டு தடை இல்லாவிட்டால் மூன்று கிலோமீட்டருக்கு மேல் போகும். தட்டையான சோளக் காட்டில் பன்றிக்குப் பின்னால் இருட்டாகத் தெரிவதெல்லாம் மண் இல்லை, வானமாகவும் இருக்கலாம். முடிந்தவரை உயரத்தில் நின்று கீழ்நோக்கிச் சுடுங்கள், குண்டு பன்றிக்குப் பின்னாலேயே மண்ணில் புதையும். காய்ந்து இறுகிய தரையிலும் கல்லிலும் பட்டால் தெறிக்கும். பண்ணை வீடு, பொதுச் சாலை, அக்கம்பக்க வீடு எந்தெந்தத் திசை என்று ஒரு தாளில் வரைந்து ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கோப் குழலுக்கு மேலே சுமார் ஆறு சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. வண்டியின் பானெட்மீதோ வேலிக் கட்டைமீதோ சாய்த்துச் சுடும்போது ஸ்கோப்பில் வழி சுத்தமாகத் தெரியும், ஆனால் குழல் முனைக்கு நேரே இரும்பு இருக்கும். சுடும் முன் தலையைத் தூக்கிக் குழல் முனையைப் பாருங்கள், கை விளக்கின் சிவப்பு வெளிச்சம் போதும். அதே காரணத்தால் 20 மீட்டரில் வந்து நிற்கும் பன்றியைச் சுட்டால் குண்டு நாலைந்து சென்டிமீட்டர் கீழே படும், அதற்கேற்ப மேலே வையுங்கள்.

வண்டியில் ஏறும்போது துப்பாக்கியின் வெடியறையில் தோட்டா இருக்கக் கூடாது. ஏறும் முன் ஒருவர் காலி என்று சொல்லிக் காட்ட, மற்றவர் விரலை விட்டுத் தொட்டுப் பார்க்க வேண்டும். காதுக்கு மின்னணு மஃப் போடுங்கள், மெல்லிய பேச்சு கேட்கும், வெடிச்சத்தம் அடங்கும். ஒருவரை ஒருவர் அடையாளம் காண அகச்சிவப்பு மின்னி வாங்காதீர்கள்: அது இரவுநோக்கிக் கருவியில்தான் தெரியும், தெர்மலில் தெரியாது.

பாத்தோக்_அண்ணாச்சி:

சார்ஜன்ட் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். துப்பாக்கி தொடாத நண்பர் முதல் ராத்திரி சுடவே வேண்டாம். மோனோகுலர் அவரிடம் இருக்கட்டும். நல்ல பார்வையாளர் ஒருவர் இருந்தால் சுடுகிறவருக்குப் பாதி வேலை குறைகிறது.

ஊர்க்காரி_யீஷூன்:

எங்கே சுட வேண்டும் என்பதை யாரும் சொல்லவில்லை. மானுக்குச் சொல்லும் இடம் பன்றிக்குச் சரிவராது. மானில் முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுக்கூட்டைப் பிடிப்பார்கள். பன்றியில் இதயமும் நுரையீரலும் இன்னும் முன்னால், கீழே, முன்னங்கால்களுக்கு நடுவில் இருக்கின்றன. மான் கணக்கில் சுட்டால் குண்டு ஈரலிலோ குடலிலோ போய், பன்றி புதருக்குள் ஓடி ராத்திரி முழுவதும் துடித்துச் சாகும். அந்தச் சித்திரவதை நம் கவனக்குறைவால் நேரக் கூடாது.

பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்கால் நேர்கோட்டிலேயே, உடம்பின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில் வையுங்கள். 60, 70 மீட்டருக்குள், அசையாமல் மேய்ந்தால், காதுக்கு அடியில் கழுத்து சேரும் இடம். அங்கே பட்டால் நின்ற இடத்திலேயே விழும், தவறினால் பெரும்பாலும் முழுதாகத் தவறிவிடும். முதிர்ந்த ஆண் பன்றிக்குத் தோளில் குருத்தெலும்பு போன்ற தடித்த கவசம் உண்டு, ஓர் அங்குலம் வரைகூட இருக்கும். அதனால் விரியும் வகைக் குண்டு தேவை, ஆனால் மேலோட்டமாக வெடித்துச் சிதறும் மெல்லிய குண்டு கூடாது. .308-இல் 150 கிரெய்ன் (குண்டின் எடை அளவு), 6.5 கிரென்டல் என்ற தோட்டாவில் 123 கிரெய்ன் நன்றாக வேலை செய்யும். .223 போன்ற சிறிய தோட்டா என்றால் இடம் துல்லியமாக இருந்தாக வேண்டும். ராணுவத்தில் சுடும் முழு உலோக உறைக் குண்டு ஊடுருவிப் பின்னால் போய்விடும், பின்னால் நிற்கும் மாட்டுக்கும் அது எமன்.

காற்று முக்கியம். பன்றிக்குக் கண் மந்தம், காது கூர்மை, மூக்கு அதைவிடக் கூர்மை. முகத்தில் காற்று அடிக்கும் பக்கமாகவே நெருங்குங்கள். சின்னக் குப்பியில் முகப்பவுடர் வைத்து ஐம்பதடிக்கு ஒருமுறை ஊதிப் பாருங்கள். காற்றே இல்லாத ராத்திரியில் குளிர்ந்த காற்று மேட்டிலிருந்து பள்ளத்துக்கு மெல்ல இறங்கும், ஓடைக்கரைப் பன்றிக்கு உங்கள் வாசனை அப்படித்தான் போய்ச் சேரும். கொசு மருந்து, சென்ட் எதுவும் அன்றைக்குப் பூசாதீர்கள்.

விழுந்த பன்றியிடம் உடனே ஓடாதீர்கள். சில நிமிடம் தெர்மலில் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, முதுகுப் பக்கமாகப் போய், நீளக் குச்சியால் கண்ணைத் தொட்டுப் பாருங்கள். இமைத்தால் இன்னும் உயிர் இருக்கிறது. கால்களுக்கு முன்னால் நிற்கவே வேண்டாம். மார்ச்சில் பாம்புகள் வெளியே வர ஆரம்பித்திருக்கும், முழங்கால் வரை பாம்புக் காலணி போடுங்கள். ராத்திரி குளிரும், நம்மூர்ச் சட்டை போதாது.

தோபாயோ_குமரன்:

இவ்வளவு விவரமா! எல்லோருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். இறைச்சியைச் சமைத்துச் சாப்பிடலாமா, கொஞ்சம் இங்கே கொண்டுவரலாமா? இன்னொன்று, லிம் சூ காங் பக்கம் பன்றித் தொல்லை என்கிறார்களே, இங்கே இப்படி ஏதாவது அனுமதி உண்டா?

கரிசல்காட்டான்:

சாப்பிடலாம், அங்கேயே. அறுக்கும்போது நைட்ரைல் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி. காட்டுப்பன்றியில் புரூசெல்லா கிருமி இருக்கக்கூடும், கையில் உள்ள சின்னக் கீறல் வழியாகவும் கண்ணில் தெறிக்கும் ரத்தத்தின் வழியாகவும் ஏறும். லெப்டோஸ்பைரா, ட்ரைகினெல்லா புழு இவையும் உண்டு. உள்ளே 71 டிகிரி செல்சியஸ் எட்டும்வரை வேக வேண்டும், உணவுக்குத்தும் வெப்பமானியால் குத்திப் பாருங்கள். நண்பர் வீட்டு நாய்க்குப் பச்சைக் கறி போட வேண்டாம். தோலை உரிக்கும்போது கொழுப்பு நீலமாக இருந்தால் அந்தப் பன்றியைத் தொட வேண்டாம்: வார்ஃபரின் கலந்த பன்றி விஷத்தில் சேர்க்கும் சாயம் அது.

திரும்பி வந்து வாரக்கணக்கில் கழித்துக் காய்ச்சல், ராத்திரி வியர்வை, மூட்டுவலி வந்தால் பலதுறை மருந்தகத்திலேயோ மருத்துவமனையிலேயோ முதல் வாக்கியமாக, அமெரிக்காவில் காட்டுப்பன்றி அறுத்தேன் என்று சொல்லுங்கள். நீங்கள் சொல்லாமல் இங்கே யாருக்கும் புரூசெல்லா ஞாபகத்துக்கு வராது, டெங்கியைத்தான் தேடுவார்கள்.

இறைச்சி, தோல், கோரைப்பல் எதையும் கொண்டுவராதீர்கள். அங்கீகரிக்கப்பட்ட இடத்திலிருந்து வராத இறைச்சிக்கு அனுமதி இல்லை. இதைவிட முக்கியம்: வேட்டைக்குப் போட்ட சட்டை, பை, காலணி எல்லாவற்றையும் கிளம்பும் முன் உதறிப் பாருங்கள். நினைவுக்காக ஒரு காலித் தோட்டா உறையை வைத்துக்கொண்டால்கூடச் சாங்கியில் காவல்துறை விசாரணையில் போய் நிற்கும். பையின் தையல் மடிப்பில் ஒன்று ஒளிந்திருந்தாலும் ஊடுகதிர்ப் படத்தில் தெரிந்துவிடும். வேட்டைக்கு எடுத்துப்போகும் பையும் விமானத்துக்கு எடுத்துப்போகும் பையும் வேறு வேறாக இருக்கட்டும்.

பாத்தோக்_அண்ணாச்சி:

இங்கே அனுமதி என்ற பேச்சுக்கே இடமில்லை தம்பி. சிங்கப்பூர்க் காட்டுப்பன்றி இந்த மண்ணின் விலங்கு. வனவிலங்குச் சட்டப்படி கொல்லவோ பிடிக்கவோ கண்ணி வைக்கவோ கூடாது, தீனி போட்டாலும் முதல் முறைக்கு 5,000 வெள்ளி வரை அபராதம். டெக்சஸ் பன்றி வேறு: ஸ்பானியர் காலத்தில் வந்து காட்டுக்குப் போன வளர்ப்புப் பன்றியும், பின்னால் வேட்டைக்காகக் கொண்டுவந்து விட்ட ஐரோப்பியக் காட்டுப்பன்றியும் கலந்த இனம். இங்கே வழியில் எதிர்ப்பட்டால் மெதுவாகப் பின்வாங்குங்கள், குட்டியோடு இருந்தால் இன்னும் தூரமாக. மின்னும் போன் விளக்கை முகத்தில் அடிக்காதீர்கள். தொல்லை என்றால் தேசியப் பூங்காக் கழகத்துக்குச் சொல்லுங்கள்.

ஊர்க்காரி_யீஷூன்:

குமரன், கிளம்பும் முன் தோழனிடம் இதையும் கேளுங்கள்: அந்த நிலத்தில் பொறிக்கூண்டு வைத்து இரை போட்டுக்கொண்டிருக்கிறார்களா? துப்பாக்கியால் பன்றித் தொகை குறைவதில்லை. 115 நாள் சினை, ஒரு வயதுக்குள்ளேயே முதல் ஈற்று. ஆண்டுக்கு மூன்றில் இரண்டு பங்கை எடுத்தால்தான் தொகை ஏறாமல் நிற்கும் என்பது அங்குள்ளவர்கள் சொல்லும் கணக்கு. கூட்டம் முழுவதையும் ஒரே இரவில் அடைக்கிற பெரிய வளையக் கூண்டுதான் நிலத்தைக் காக்கிறது. அதற்கு இரண்டு மூன்று வாரம் இரை வைத்துப் பழக்குவார்கள். நடுவில் பக்கத்திலேயே வெடிச்சத்தம் கேட்டால் கூட்டம் கலைந்து வேறு நிலத்துக்குப் போய்விடும், மிச்சமிருப்பவை கூண்டை அண்டாது. கூண்டு இருந்தால் அதிலிருந்து விலகிய வயலில் மட்டும் உட்காருங்கள், புதிதாக விதைத்த சால்களில். கூண்டு விழும்வரை பொறுக்கச் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள், விதை அவர்களுடையது.